கயாக் கிளப்பில் சேர நினைப்பவருக்கு: படகு பிறகு, முதலில் தண்ணீர்

கேள்வி: லண்டன் நியூ மால்டனில் இருக்கிறோம். எனக்கு 42 வயது, மகளுக்கு 12. அவள் நன்றாக நீந்துவாள், நான் சுமார்தான். போன கோடையில் வாடகைக் கயாக்கில் ஒரு மணி நேரம் போனோம், இருவருக்கும் பிடித்துவிட்டது. பக்கத்தில் உள்ள கிளப்பில் சேர என்ன செய்ய வேண்டும்? முதலில் இரண்டு படகுகள் வாங்கிவிடட்டுமா?

படகு வாங்காதீர்கள். சேர்ந்து ஆறு மாதமாவது ஆகட்டும். கிளப்பிடம் படகு, துடுப்பு, மிதவை அங்கி எல்லாம் இருக்கும். தொடக்க வகுப்புக் கட்டணத்திலேயே அவற்றின் பயன்பாடும் அடங்கும். அதைவிட முக்கியமான காரணம், எந்தப் படகு வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரிய வழியில்லை. கடையில் பார்க்கும்போது எல்லாம் கயாக்தான். ஆனால் பந்தயக் கயாக், வெள்ளாற்றுக் கயாக் (நுரைத்து விரையும் ஆற்றுக்கானது), கடல் கயாக் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று உதவாதவை. எந்தக் கிளப்பில் சேர்கிறீர்களோ அதுதான் படகைத் தீர்மானிக்கும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். கயாக்கில் காலை முன்னே நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டு உள்ள துடுப்பால் வலிப்பார்கள். கனூவில் மண்டியிட்டோ குறுக்குப் பலகையில் அமர்ந்தோ, ஒரே தட்டு உள்ள துடுப்பால் ஒரு பக்கமாக வலிப்பார்கள். நம்மூர்த் தோணியோடு ஒப்பிட இதுதான் கிட்ட வரும். இங்கிலாந்தில் இரண்டுக்கும் பொதுவாகக் 'கனூ' என்று சொல்லும் பழைய வழக்கம் இருக்கிறது. அதனால் 'கனூ கிளப்' என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் பத்துக்கு ஒன்பது படகு கயாக்காக இருந்தால் திகைக்க வேண்டாம்.

இப்போது கிளப் வகைகள். தேம்ஸ் கரையில் உங்கள் பக்கம் அதிகம் இருப்பவை பந்தயக் கிளப்கள். டெடிங்டனில் உள்ள ராயல் கனூ கிளப் 1866இல் ஜான் மக்கிரெகர் தொடங்கியது. உலகிலேயே பழைய கனூ கிளப் அதுதான். வெய்பிரிட்ஜ் பக்கம் எல்ம்பிரிட்ஜ், கீழே ரிச்மண்ட் என்று வேறு கிளப்களும் உண்டு. பந்தயக் கிளப் என்றால் நீண்டு ஒடுங்கிய படகு, வாரத்தில் மூன்று நான்கு பயிற்சி, நேரம் பார்ப்பது, வேகம். வெள்ளாற்றுக் கிளப்கள் கோடையில் அமைதியான நீரில் பழக்கிவிட்டு, மழைக்காலத்தில் வேல்ஸ், டெவன் பக்கம் வார இறுதிப் பயணம் போவார்கள். நடுவே வால்தம் கிராஸில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய லீ வேலி செயற்கை ஆற்றில் பயிற்சி. கனூ போலோ கிளப்கள் நீச்சல் குளத்தையும் ஏரியையும் விட்டு அதிகம் நகர்வதில்லை: பக்கத்துக்கு ஐந்து பேர், தண்ணீருக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கும் கோல், கவிழ்வது ஆட்டத்தின் ஒரு பகுதி. இவற்றைத் தவிர, ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீட்டர் போய்த் தேநீர் குடித்துத் திரும்பும் சுற்றுலாக் கிளப்களும் இருக்கின்றன. யாரும் அவற்றைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் நாற்பது வயதில் தொடங்கும் பலருக்குப் பொருந்துவது அதுதான்.

பொதுவாக எல்லாக் கிளப்பின் இணையப் பக்கமும் "எல்லா வகையும் உண்டு, எல்லோரும் வரலாம்" என்றே சொல்லும். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. நேரில் போய் ஒரு சாதாரண புதன்கிழமை மாலையோ சனிக்கிழமைக் காலையோ கரையில் நின்று பாருங்கள். எந்தப் படகுகள் ரேக்கிலிருந்து இறங்குகின்றன, எந்தப் படகுகளில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே அந்தக் கிளப் என்ன கிளப் என்று தெரிந்துவிடும்.

தேடுவதற்கு, பிரிட்டிஷ் கனூயிங் என்ற பெயரை 2024இல் மாற்றிக்கொண்ட பேடில் யூகே அமைப்பின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அருகில் உள்ள இணைப்புப் பெற்ற கிளப்கள் வரும். கேள்வி எழுதி அனுப்பச் சரியான மாதம் பிப்ரவரி. மாலைப் பயிற்சிகள் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறிய பிறகே தொடங்கும். தொடக்க வகுப்புகள் ஏப்ரல், மே மாதங்களில் வரும். இடங்கள் குறைவு, சீக்கிரம் நிரம்பும். ஜூலையில் வெயிலைப் பார்த்து எழுதுகிறவருக்கு "அடுத்த ஆண்டு" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கிளப்பை நடத்துகிறவர்கள் ஊதியம் இல்லாத தொண்டர்கள், எனவே மின்னஞ்சலுக்கு ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நேரில் போங்கள்.

கேட்க வேண்டியவை சில. தொடக்க வகுப்பு எத்தனை வாரம், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? வகுப்பு முடிந்த மறு வாரம் புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆட்கள் விட்டுப்போவது அந்த இடத்தில்தான். ஆறு வாரம் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏழாவது வாரம் வேகமாகப் போகும் கூட்டத்தின் வாலில் விட்டுவிடும் கிளப்கள் உண்டு. புதியவர்களுக்கென்று தனிக் குழு, தனி நேரம், பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் பயிற்சி எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பல இடங்களில் சிறுவர் வகுப்பு சனிக்கிழமைக் காலை, பெரியவர் வகுப்பு வாரநாள் மாலை.

நீச்சல் பற்றி நீங்கள் தயங்குவது தெரிகிறது. பெரும்பாலான கிளப்கள் கேட்பது, மெல்லிய உடையோடு 50 மீட்டர் நீந்த முடிய வேண்டும் என்பதுதான். வேகம் முக்கியமில்லை. முகம் தண்ணீருக்குள் போனால் பதறாமல் இருப்பதுதான் முக்கியம். சுமாராக நீந்துகிறவர் வகுப்புக்கு முன் இரண்டு மாதம் உள்ளூர்க் குளத்தில் மல்லாந்து மிதப்பதையும், நீருக்கடியில் மூக்கால் மெதுவாகக் காற்று விடுவதையும் பழகினால் போதும். விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, வலிப்பு நோய், தோள் மூட்டு விலகிய வரலாறு இருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் பயிற்றுநர் உங்களைத் தவறான படகில் உட்கார வைப்பார்.

மிதவை அங்கியை இங்கே பாயன்சி எய்ட் என்பார்கள். 50 நியூட்டன் மிதப்பு உள்ள அங்கி அது. நினைவோடு இருக்கிறவர் மிதக்க உதவும். நினைவிழந்தவரை முகம் மேலே வரும்படி திருப்பிப் போடும் வேலையைச் செய்வது அதைவிடப் பருத்த லைஃப் ஜாக்கெட். அதை அணிந்து துடுப்பு வலிப்பது சிரமம். அங்கி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோள் பட்டையை இறுக்கி, இன்னொருவரைத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் தளர்வு. தளர்ந்த அங்கி தண்ணீரில் மேலேறி முகத்தை மூடும். அது மிதப்பது தன்பாட்டுக்கு, நீங்கள் கீழே தொங்குவீர்கள்.

பணக் கணக்கில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கும். தொடக்க வகுப்புக் கட்டணம் ஒன்று. கிளப்பின் ஆண்டுச் சந்தா இன்னொன்று. குடும்பச் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டு பேர் என்றாலே லாபமாக இருக்கும். மூன்றாவது பேடில் யூகே உறுப்பினர் சந்தா. இதை ஏன் கட்ட வேண்டும் என்று பலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான படகுப் போக்குவரத்து ஆறுகளிலும் கால்வாய்களிலும் துடுப்புப் படகுக்கும் உரிமம் வேண்டும். டெடிங்டன் லாக்குக்கு (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் மதகு அது) மேலே உள்ள தேம்ஸ் சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே உரிமம் கட்டாயம், அது பேடில் யூகேயின் முழு உறுப்பினர் தகுதியிலேயே அடங்கும், கூடவே பொறுப்புக் காப்பீடும் வரும். கிளப்பில் இருப்பதால் மட்டும் கிடைக்கும் இணை உறுப்பினர் தகுதியில் உரிமம் இல்லை. ஆகவே கிளப் நேரத்துக்கு வெளியே மகளோடும் நண்பர்களோடும் போக நினைத்தால் முழு உறுப்பினராகுங்கள். டெடிங்டனுக்குக் கீழே கடல் ஏற்றவற்றம் உள்ள பகுதி; நிர்வாகம் லண்டன் துறைமுக ஆணையத்துடையது, விதிகளும் வேறு. புதியவர்கள் தனியாகப் போகும் இடம் அது அல்ல.

உடை விஷயத்தில் ஒரே சட்டம்: பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி காய்வதற்குள் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜிம்முக்குப் போடும் செயற்கை நூல் சட்டை, லெகிங்ஸ், மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். காலுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். செருப்பும் க்ராக்ஸும் முதல் கவிழ்விலேயே ஆற்றோடு போகும், கரையில் கண்ணாடித் துண்டு இருக்கும். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு. மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், சங்கிலி அங்கியின் பக்கிளில் மாட்டும். தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதை உள்சட்டைக்குள் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ளலாம். மாற்று உடையும் துண்டும் தொப்பியும் கரையில் இருக்க வேண்டும். கார் சாவியைக் கிளப்பில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

படகில் ஏறும் முன் கால் மிதியைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்தால் முழங்கால் சற்று மடங்கி, பாதத்தின் முன்பகுதி மிதியை அழுத்த வேண்டும். மிதி மிகக் கிட்ட இருந்தால் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும், எட்ட இருந்தால் ஒவ்வொரு வலிப்பிலும் இருக்கையில் வழுக்குவீர்கள். படகைக் கரைக்கு இணையாக, மூக்கு நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் கரையை விட்டுத் தள்ளும்போது ஓட்டமே மூக்கை வெளியே திருப்பிவிடும். ஏறும்போது கால் படகின் நடுக்கோட்டில், உடம்பு தாழ்வாக, ஒரு கை கரையில். நின்று யோசிக்கிற நொடியில்தான் கவிழும், சட்டென்று உட்கார்ந்துவிடுங்கள்.

முதல் வாரங்களில் கவிழும் பயிற்சி வரும். பயமுறுத்துவதற்காக அல்ல. தலைகீழான படகிலிருந்து வெளியே வர மூன்று நான்கு நொடி போதும் என்பதை உடம்பு நம்ப வேண்டும், அவ்வளவுதான். குறுகிய வாய் உள்ள படகில், தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே டெக் போட்டிருந்தால் வரிசை இப்படி: முன்பக்கமாக வளைந்து மூக்கைப் படகின் மேல்தளத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள்; கையால் படகின் அடிப்பக்கத்தை மூன்று முறை தட்டுங்கள், மற்றவர்களுக்குச் சைகையாகவும் இருக்கும், உங்களுக்கு நிதானமும் வரும்; ஸ்ப்ரே டெக்கின் முன்னால் உள்ள இழுவளையத்தை முதலில் முன்னே தள்ளி, பிறகு மேலே இழுங்கள்; இரண்டு கையையும் இடுப்புப் பக்கம் ஊன்றிக் காற்சட்டையைக் கழற்றுவது போலப் படகை விட்டு நழுவுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு, மூச்சுக்காகத் தலையைத் தூக்கிப் பின்னால் சாய்வது. அப்படிச் சாய்ந்தால் தொடை மேல்தளத்தில் இறுகி, வெளியே வருவது கடினமாகும். உண்மையான ஆபத்து இன்னொன்று: இழுவளையம் உள்ளே மடங்கிக் கிடப்பது. ஒவ்வொரு முறையும் கரையை விடும் முன் வளையம் வெளியே தெரிகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இருபது வருடம் வலித்தவர்களும் தொட்டுப் பார்ப்பார்கள்.

வெளியே வந்ததும் படகை நிமிர்த்த வேண்டாம். கவிழ்ந்த படகுக்குள் காற்று இருக்கும், நிமிர்த்தினால் தண்ணீர் நிறையும். ஒரு கையில் படகு, ஒரு கையில் துடுப்பு, இரண்டையும் விடாமல் இருங்கள். துணைக்கு வருகிறவர் படகின் மூக்கைத் தன் படகின் மேல் குறுக்கே இழுத்துத் தண்ணீரைக் கொட்டி, நிமிர்த்திக் கொடுப்பார்.

இனி வலிப்பது. குட்டையான வெள்ளாற்றுப் படகு கிடைத்தால், நேராகப் போக மாட்டேன் என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும்; எல்லோரும் துடுப்பு சரியில்லை என்று நினைப்பார்கள். படகின் அடி வாழைப்பழம் போல இரு முனையும் உயர்ந்திருப்பதே காரணம், திரும்புவதற்காகவே செய்த படகு அது. ஒவ்வொரு வலிப்பும் நடுக்கோட்டுக்கு விலகி விழுவதால் சற்றுத் திருப்பும். திரும்பத் தொடங்கியதும் பின்பகுதி வழுக்கி மேலும் திருப்பும். கண்ணைப் படகின் மூக்கில் வைக்காமல் தூரத்து மரம் ஒன்றில் வையுங்கள். திரும்புவதை ஆரம்பத்திலேயே பார்த்து, பின்பக்கம் சின்னதாக ஒரு தட்டு. பெரிதாகத் திரும்பிய பிறகு அதே பக்கம் பலமாக வலிப்பதால் பயனில்லை.

துடுப்பைக் கால்விரல் பக்கம் முழுவதும் முக்கி, இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் தண்ணீரைத் தூக்குகிறீர்கள், படகு முன்னே போகாது. வலு கையில் இருந்து வரக் கூடாது. மார்பும் முதுகும் திரும்ப வேண்டும், அதே பக்கத்துக் கால் மிதியை அழுத்த வேண்டும். கையில் இறுக்கிப் பிடிப்பது எல்லோருக்கும் வரும் தவறு. இரண்டு தட்டும் கோணம் மாறிப் பதிந்த துடுப்பில் ஒரு கை மட்டும் பிடித்திருக்க, மற்றக் கைக்குள் தண்டு சுழல வேண்டும். இரண்டு கையும் இறுக்கினால் ஒரு மாதத்தில் மணிக்கட்டுத் தசைநாண் வீங்கிக்கொள்ளும், பிறகு ஆறு வாரம் ஓய்வுதான் மருந்து.

பந்தயக் கிளப்பில் சேர்ந்தால் படகுகளுக்கு நிலைத்தன்மை எண் சொல்வார்கள். பத்துக்குக் கிட்ட இருந்தால் அசையாது, எண் குறையக் குறைய ஆட்டம். விரைவில் வேகமான படகுக்கு மாற எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஆடும் படகில் விழாமல் இருப்பதற்கே முழு வலுவும் போகும், வலிப்பு கெட்டுப்போகும், நிலையான படகில் இருப்பவர் உங்களைத் தாண்டிப் போவார். ஓரமாய்ப் பார்த்துக்கொண்டே வலிக்க முடிகிற படகுதான் உங்கள் படகு.

மகளுக்கு உங்களைவிட வழி சுலபம். 12 வயதுக்குட்பட்டோருக்கு லைட்னிங் என்ற சிறிய பந்தயக் கயாக் இருக்கிறது, அவர்களுக்கென்றே போட்டியும் உண்டு. அந்த வயதைத் தாண்டினால் ஹாஸ்லர் தொடர் என்னும் கிளப்களுக்கிடையிலான மாரத்தான் போட்டிகளில் ஒன்பதாம் பிரிவில் தொடங்குவாள். சுமார் 4 மைல் தூரம், பெரியவர்களும் அதே பிரிவில் தொடங்குவதால் நீங்களும் மகளும் ஒரே கோட்டில் நிற்கலாம். கிளப்பில் சிறுவர் நல அலுவலர் யார், பயிற்றுநர்களுக்குக் காவல் பின்னணிச் சோதனை நடந்திருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல கிளப்பில் அவருடைய பெயரும் படமும் சுவரில் இருக்கும்.

ஆற்றைப் பற்றி நான்கு விஷயம் கட்டாயம். தேம்ஸின் லாக்குகளில் பலகை வைப்பார்கள்: மஞ்சள் என்றால் ஓட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது, துடுப்புப் படகு இறங்க வேண்டாம் என்பதே முகமையின் அறிவுரை; சிவப்பு என்றால் பலத்த ஓட்டம், எந்தப் படகும் இறங்க வேண்டாம். மகளின் வகுப்பு ரத்தானால் காரணம் பெரும்பாலும் அதுதான். இரண்டாவது, வியர் என்று இங்கே சொல்லும் தடுப்பணை. மேலே இருந்து பார்த்தால் வழுவழுப்பான கோடு போல இருக்கும், கீழே விழும் நீர் சுழன்று விழுந்த பொருளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். படகு அங்கிருந்து விலகியே போக வேண்டும். மூன்றாவது, கரையில் சாய்ந்து நீருக்குள் கிளை விரித்திருக்கும் மரம்: தண்ணீர் கிளை வழியே போகும், நீங்கள் போக மாட்டீர்கள். ஓட்டத்தில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாதம் கல்லில் சிக்கும். மல்லாந்து, கால் முன்னே, மேலே தெரியும்படி மிதந்து கரைக்கு ஒதுங்குங்கள்.

நான்காவது குளிர். ஏப்ரலில் வெயில் 20 டிகிரி அடிக்கலாம், ஆற்று நீர் 10 சொச்சத்தில்தான் இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாக வாரி இழுக்கும். அந்த முதல் ஒரு நிமிடம் நீந்தப் பார்க்காமல், படகைப் பிடித்து மிதந்து மூச்சை அடக்குங்கள். அதன் பிறகு கை கால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். அதற்குள் படகிலோ கரையிலோ இருக்க வேண்டும். மூன்று பேருக்குக் குறைவாக ஆற்றில் போகாதே என்ற பழைய விதி இதற்காகத்தான்.

வெட்டுக்காயத்தை நீர்புகாப் பிளாஸ்திரியால் மூடுங்கள், ஆற்று நீரை விழுங்காதீர்கள், துடுப்பு வலித்து முடிந்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பெருமழைக்கு அடுத்த ஓரிரு நாள் கழிவுநீர் கலந்திருக்கும். எலிச் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் அரிது, ஆனால் உண்டு. ஒன்றிரண்டு வாரம் கழித்து காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி வந்தால் மருத்துவரிடம் "ஆற்றில் படகு விடுகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்.

கிளப்பில் சேர்ந்தபின் எதிர்பார்ப்பு ஒன்று இருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். படகை நன்னீரில் கழுவி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, பாசியையும் கொடியையும் எடுத்துவிட்டு, எடுத்த ரேக்கிலேயே வைக்க வேண்டும். ஒரு ஆற்றின் கொடி இன்னொரு ஆற்றுக்குப் போய்ப் பரவுவது படகோடுதான். வகுப்பு முடிந்ததும் காருக்கு ஓடாமல் இரண்டு படகு தூக்கிக் கொடுங்கள். அடுத்த வாரம் உங்களுக்குச் சரியான துடுப்பு தேடித் தருவதும், போகும் பயணத்துக்குக் கூப்பிடுவதும் அந்த இரண்டு படகுக்காகத்தான்.

படகு வாங்கும் நேரம் எப்போது? கிளப் படகு உங்கள் நேரத்துக்குக் கிடைக்காமல் மூன்று முறை திரும்பியிருந்தால். அதற்கு முன் கிளப்பில் ரேக் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கிளப்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம், ஐந்து மீட்டர்ப் படகை நியூ மால்டன் வீட்டுத் தோட்டத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் கார்க் கூரையில் கட்டிக்கொண்டு போவது இரண்டு மாதத்தில் சலித்துவிடும். பழைய படகே வாங்குங்கள், முதலில் கிளப் அறிவிப்புப் பலகையில் தேடுங்கள். பிளாஸ்டிக் படகு என்றால் இருக்கைக்கு அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள், மெலிந்து போயிருந்தால் அமுங்கும். கண்ணாடியிழைப் படகு என்றால் வெயிலில் தூக்கி உள்ளே பாருங்கள். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் நிழலாகத் தெரியும். காரில் கட்டும்போது பட்டையில் ஒரு முறுக்கு விடுங்கள், இல்லையென்றால் ஏ3 சாலை முழுக்க அது சங்கு ஊதிக்கொண்டே வரும்.